சொம்பு நீரில் எழுந்த வளையம்

மாடியும் கடையும்

2001-ஆம் ஆண்டு செப்டம்பர் 25-ஆம் தேதி இரவு 8 மணி 26 நிமிஷ அளவில், சென்னையில், பேருந்துகள் ஓயாமல் ஓடும் ஒரு சாலையை ஒட்டிய கட்டடத்தின் மூன்றாவது மாடியில், நான் கூடத்துத் தரையில் தட்டின் முன்னே அமர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சமையலறை அலமாரியில் அடுக்கியிருந்த எவர்சில்வர் தட்டுகள் திடீரென்று ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுவென்று ஒலித்தன. பூனை புகுந்துவிட்டதென்று எண்ணித் திரும்பிப் பார்த்தேன், பூனை இல்லை, ஒலியும் அடங்கிவிட்டது. மறுபடி சோற்றைப் பிசைந்து இரண்டு கவளம் உண்டிருப்பேன். அப்போது பக்கத்தில் வைத்திருந்த சொம்பின் நீரில், விளிம்பிலிருந்து நடுவை நோக்கி மெல்லிய வளையங்கள் ஓடுவதைக் கண்டேன். கண்ட மறுகணமே, கரையில் கட்டிய படகில் யாரோ கால் வைத்ததுபோல், நான் உட்கார்ந்திருந்த தரை ஒரு பக்கமாகப் போய் மீண்டு வந்தது.

கை கழுவவும் தோன்றாமல் படியிறங்கி வந்தபோது, மாடிகளில் குடியிருந்தவர்கள் எல்லாரும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் நின்றார்கள். கீழ்த்தளத்தில் மளிகைக் கடை வைத்திருந்த பெரியவரோ, தராசில் பருப்பு நிறுத்தபடியே எங்களை ஆச்சரியத்துடன் நோக்கி, "என்ன சார், எல்லாரும் இப்படி ஓடி வர்றீங்க? கரண்டுக் கம்பி ஏதும் அறுந்து விழுந்திடுச்சா?" என்று கேட்டார். "கட்டடம் ஆடிச்சு, அண்ணாச்சி" என்றேன். "லாரி போயிருக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் பொட்டலத்துக்கு நூல் சுற்றலானார்.

அவர் பொய் சொல்லவில்லை. நாங்களும் பிரமை கொள்ளவில்லை. ஒரே கட்டடத்தில், ஒரே கணத்தில், மாடியில் இருந்தவனுக்குப் பிரத்தியட்சமாய்த் தெரிந்த ஒன்று கீழே நின்றவருக்கு ஏன் தெரியவில்லை? தட்டுகள் முதலிலும் தரை பிறகும் ஏன் ஆடின? இவற்றுக்கெல்லாம் முன்னதாக, பூகம்பமே வராத பிரதேசம் என்று நாம் பள்ளியில் படித்த தென்னாட்டில் அது வந்ததுதான் எப்படி? அன்றிரவு தெருவில் நின்றவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்ட இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தேடுவதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

அசையாத பாறை என்னும் பேச்சு

நிலநடுக்கம் என்றால் ஜப்பானும் இமயமலைச் சாரலும் நம் நினைவுக்கு வருவது நியாயமே. பூமியின் மேலோடு ஒரே துண்டாக இல்லாமல், பல பெரிய பலகைகளாகப் பிரிந்து கிடக்கிறது. புவித்தட்டுகள் என்று வழங்கும் இவை ஒன்றோடொன்று மோதும் அல்லது உராயும் விளிம்புகளிலேதான் பெரும்பாலான நிலநடுக்கங்கள் நேருகின்றன. தமிழ்நாடு அந்த விளிம்புகளிலிருந்து வெகுதூரத்தில், தட்டின் உட்புறத்தில் அமைந்திருக்கிறது. இதைக் கண்டுதான் தக்காணத்தை 'அசையாத பாறை' என்று நம் பாடநூல்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. அந்தச் சொல் செய்த தீங்கு கொஞ்சமன்று என்பது என் அபிப்பிராயம். அரிதாக ஆடுவது என்பதும் ஆடவே ஆடாதது என்பதும் ஒன்றல்ல.

இந்தியத் தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வடக்கே நகர்ந்து ஆசியாவோடு மோதிக்கொண்டிருக்கிறது. வாசற்படியில் முட்டிக்கொண்ட ஒரு மரப்பெட்டியைப் பின்னாலிருந்து தள்ளினால், முட்டிய முனை மட்டுமா நெருக்குண்கிறது? பெட்டி முழுவதும் அந்த நெருக்கத்தைத் தாங்குகிறது. எந்த இடத்தில் பழைய விரிசல் இருக்கிறதோ அந்த இடம் முதலில் முனகுகிறது. தென்னாட்டின் பாறை மிகப் பழையது. சென்னைக்குப் பக்கத்திலுள்ள பல்லாவரத்துக் குன்றுகளின் பாறைக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. அவ்வளவு நீண்ட ஆயுளில் அது படாத பாடு இல்லை. ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் கிழக்குக் கரை அண்டார்டிகாவிலிருந்து பிய்ந்து விலகியபோது நிலம் நீளவாட்டத்தில் கிழிந்து பள்ளங்கள் விழுந்தன. பாலாற்றுப் படுகையும் காவிரிப் படுகையும் அத்தகைய பள்ளங்கள் பின்னாளில் வண்டலால் நிறைந்து உண்டானவையே. அந்தப் பழைய பிளவுகள் மண்ணடியிலும் கடலடியிலும் இன்றும் இருக்கின்றன. நெருக்கம் மெல்ல மெல்லச் சேர்ந்து, என்றோ ஒருநாள் ஏதேனும் ஒரு பிளவின் இரு பக்கங்களும் சற்றே வழுகும்போது, நாம் நடுக்கத்தை உணருகிறோம்.

இவ்வாறு வழுகியது 2001-இல் முதல் தடவையன்று. 1900-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் தேதி விடியுமுன் கோயம்புத்தூர்ப் பகுதியில் நேர்ந்த நிலநடுக்கம் தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் உணரப்பட்டது. 2000-ஆம் ஆண்டு டிசம்பர் 12-இல் கேரளத்தின் இடுக்கிப் பக்கம் ஒன்று நேர்ந்தது. ஒரே பகுதியில் ஒரு நடுக்கத்துக்கும் மறு நடுக்கத்துக்கும் இடையே பெரும்பாலும் ஒரு தலைமுறை கடந்துவிடுவதால், ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்தில் நேர்ந்ததையே முதல் நடுக்கம் என்று எண்ணிக்கொள்ளுகிறது.

குடம் வாங்கும்போது தட்டிப் பார்ப்பதுபோல்

2001-இல் அன்றிரவு ஆடிய இடம் புதுச்சேரிக்குக் கிழக்கே, கரையிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தூரத்தில், வங்காள விரிகுடாவின் அடியில் இருந்தது. உலகக் கணக்கில் அது நடுத்தரமான நடுக்கந்தான். அப்படியிருந்தும் அதனைச் சென்னை முழுவதும் உணர்ந்தது. ஜப்பானியர் எழுந்து நிற்கவும் நினைக்காத ஓர் அதிர்வு, நம்மை ஊர் ஊராகத் தெருவுக்கு வரச் செய்ததற்கு நம்முடைய அச்சம் மட்டும் காரணமன்று.

சந்தையில் மண்குடம் வாங்குகிற பெண்கள், குடத்தை இடது கையில் ஏந்தி, வலது கை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார்கள். குடம் பழுதின்றி இருந்தால் ஒரு பக்கம் தட்டியது மறு பக்கம் வரைக்கும் ஓடி 'ணங்' என்று ஒலிக்கும்; கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் அதிர்வு அந்தக் கீறலிலேயே கரைந்துபோய்ச் சத்தம் 'தொப்'பென்று விழும். இளமையான மலைகளும் எண்ணற்ற புதுப்பிளவுகளும் நிறைந்த கலிபோர்னியா போன்ற பிரதேசங்கள் கீறல் விழுந்த குடத்தை ஒத்தவை. அங்கே எழும் அதிர்வு சீக்கிரம் தேய்ந்துபோகிறது. குளிர்ந்து இறுகிய பழம்பாறையாலான நம் நிலம், சில பழைய கீறல்களைத் தவிர்த்தால், நல்ல குடம். தட்டியது நெடுந்தூரம் கேட்கும்.

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியும் நம்மைப்போலப் பழம்பாறைப் பூமிதான். 2011-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் தேதி வர்ஜீனியா மாகாணத்தில் 5.8 அளவுள்ள நடுக்கம் உண்டானபோது, தெற்கே ஜார்ஜியா முதல் வடக்கே கனடா வரையில் கோடிக்கணக்கானவர்கள் அதை உணர்ந்தார்கள். வாஷிங்டன் நினைவுத் தூணில் விரிசல் கண்டது. அதே அளவு நடுக்கம் கலிபோர்னியாவில் நேர்ந்திருந்தால் இதில் ஒரு சிறு பரப்புக்குள்ளேயே ஓய்ந்துபோயிருக்கும். நடுக்கம் அரிதான நாடுகளில், வரும் நடுக்கம் வெகுதூரம் பரவுகிறது என்பது முரணாகத் தோன்றினாலும், தட்டின் உட்புறத்துப் பழம்பாறை என்னும் ஒன்றே அவ்விரண்டையும் விளக்கிவிடுகிறது.

இரண்டு தூதர்கள்

இனி, தட்டுகள் முதலிலும் தரை பிறகும் ஆடிய விஷயத்துக்கு வருவோம். பாறை வழுகிய இடத்திலிருந்து இரண்டு வகை அலைகள் ஒரே சமயத்தில் புறப்படுகின்றன. ஒன்று, ரயில் வண்டியில் இயந்திரம் இடித்தால் அந்த இடி பெட்டிக்குப் பெட்டி தாவிக் கடைசிப் பெட்டி வரை போவதுபோல், பாறையை முன்னும் பின்னும் நெருக்கிக்கொண்டு ஓடுவது. விரைவில் வந்து சேருவதால் இதனை முன்னலை என்போம். மற்றொன்று, கிணற்றுக் கயிற்றின் நுனியைப் பிடித்து உதறினால் நெளிவு ஓடுவதுபோல், பாறையைப் பக்கவாட்டில் உலுக்கிக்கொண்டு வருவது. பிந்தி வருவதால் இது பின்னலை. முன்னலை பலம் குறைந்தது. பாத்திரங்களைக் கிணுகிணுக்கச் செய்யும், சில வேளை லாரி போவதைப்போன்ற உறுமலாகக் காதில் விழும். பின்னலையே வீட்டை ஆட்டுவது.

முன்னலை நம் ஊர்ப் பாறையில் வினாடிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டரும், பின்னலை ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீட்டரும் செல்லும் என்று கொண்டு, அன்றைய நிகழ்ச்சியையே கணக்கிட்டுப் பார்க்கலாம். நடுக்கம் எழுந்த இடத்துக்கும் சென்னைக்கும் நேர்கோட்டில் 120 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முன்னலை அந்தத் தூரத்தை 20 வினாடியில் கடந்துவிடும். பின்னலைக்கு 34 வினாடி வேண்டும். ஆகவே, தட்டுகள் ஒலித்ததற்கும் தரை சாய்ந்ததற்கும் இடையே 14 வினாடி இருந்திருக்க வேண்டும். நான் அன்று எண்ணிக்கொண்டிருக்கவில்லை. ஆயினும் பூனையைத் தேடித் திரும்பிப் பார்த்து, மீண்டும் சோற்றைப் பிசைந்து, இரண்டு கவளம் உண்ணப் பிடிக்கும் நேரம் கால் நிமிஷத்தை ஒட்டியதுதான். பல ஆண்டுகள் கழித்து இந்தக் கணக்கைப் போட்டு விடை ஒத்துவரக் கண்டபோது நான் அடைந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் அதன் பயன் இன்னும் பெரிது. இரண்டு அலைகளுக்கும் இடைப்பட்ட ஒவ்வொரு வினாடிக்கும் 8 கிலோமீட்டருக்குச் சற்று மேலாகத் தூரம் என்று கொண்டால், எங்கே நடுங்கியது என்று தெரியாத ஒருவன்கூட, எவ்வளவு தூரத்தில் நடுங்கியது என்று சொல்லிவிடலாம். 14 வினாடி எண்ணிய சென்னைக்காரர் 120 கிலோமீட்டர் என்பார். எந்தத் திசையில் என்று அவருக்குத் தெரியாது. அவர் தேசப்படத்தை விரித்து, சென்னையை நடுவாக வைத்து அந்த அளவில் ஒரு வட்டம் வரையட்டும். புதுச்சேரியில் இருந்தவருக்கு இரு அலைகளுக்கும் இடையே 5 வினாடிதான் இருந்திருக்கும். அவர் 40 கிலோமீட்டர் அளவில் தம் ஊரைச் சுற்றி ஒரு வட்டம் வரையட்டும். இவ்விரண்டு வட்டங்களும் இரண்டு இடங்களில் வெட்டிக்கொள்ளும். ஒன்று கடலில், மற்றொன்று நிலத்தில், திண்டிவனத்துக்குச் சமீபத்தில். எது மெய்? சந்தேகத்தைத் தீர்க்க மூன்றாவது சாட்சி ஒருவர் வேண்டும். சேலத்தில் ஒரு கருவி இருந்ததாகக் கொள்வோம். அதில் இடைவெளி 27 வினாடி, அதாவது சுமார் 225 கிலோமீட்டர் என்று பதிவாகும். சேலத்திலிருந்து திண்டிவனம் 175 கிலோமீட்டர் தூரத்திலேயே இருப்பதால் அந்தப் புள்ளி தள்ளுபடியாகிறது. மூன்றாம் வட்டம் கடலிலுள்ள புள்ளியையே தொட்டுச் செல்லுகிறது. நிலநடுக்க நிலையங்களில் வைத்திருக்கும் நுட்பமான கருவிகள் செய்யும் வேலையின் அடிப்படை, சாராம்சத்தில், இதுதான். பள்ளிப் பிள்ளை ஒருவன் கவராயமும் தேசப்படமும் கொண்டு செய்யக்கூடியதே.

மாடிக்கு மட்டும் ஏன்?

மளிகைக் கடைப் பெரியவர் ஏன் உணரவில்லை என்பதற்குக் காரணங்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை. அவர் நின்றுகொண்டும் கையை வீசி வேலை செய்துகொண்டும் இருந்தார். நான் அசையாமல் தரையில் அமர்ந்திருந்தேன். படுத்திருப்பவனும் உட்கார்ந்திருப்பவனும் உணரும் மெல்லிய ஆட்டத்தை நடப்பவன் தன் நடையின் ஆட்டத்திலேயே இழந்துவிடுகிறான். பேருந்துகளின் அதிர்வு அவர் காலடியில் நாள் முழுவதும் பழகிப்போனது என்பதும் உண்மை.

ஆயினும் முக்கியமான காரணம் உயரமே. அடித்தளம் ஒரு விரற்கடை அசைந்தால், காற்றில் தென்னையின் அடி நிலைத்து நிற்கத் தலை வீசி ஆடுவதுபோல், உச்சி அதைவிட அதிகம் அசையும். அன்றியும், ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனக்கென்று ஓர் ஆட்டக் கிரமம் உண்டு. ஒரு மாடிக்கு வினாடியில் பத்தில் ஒரு பங்கு என்று தோராயமாகக் கணக்கிட்டால், பத்து மாடிக் கட்டடம் ஒருமுறை போய் மீள ஒரு வினாடி ஆகும். இருபது மாடியாயின் இரண்டு வினாடி. ஊஞ்சலில் இருக்கும் குழந்தையை, ஊஞ்சல் திரும்பும் சமயம் பார்த்து ஒரு விரலால் தள்ளினாலும் அது உயர உயரப் போகிறது. சமயம் தவறித் தள்ளினால் பலசாலியின் கையும் பயன்படுவதில்லை. நிலத்தின் ஆட்டம் கட்டடத்தின் கிரமத்தோடு இசைந்துவிட்டால் சிறு அதிர்வும் அங்கே பெரிதாகத் தெரியும்.

2012-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் தேதி பிற்பகலில் சுமத்ராவுக்கு மேற்கே கடலில் 8.6 அளவுள்ள பெரும் நடுக்கம் நேர்ந்தபோது, 1,800 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சென்னையின் உயர்ந்த அலுவலகக் கட்டடங்களிலிருந்து மக்கள் இறங்கி ஓடி வந்ததன் காரணம் இதனால் விளங்கும். நெடுந்தூரப் பிரயாணத்தில் வேகமாகத் துடிக்கும் அலைகள் வழியிலேயே மாய்ந்துபோகின்றன. நிதானமாக ஆடும் நீண்ட அலைகளே வந்து சேருகின்றன. அவை ஓட்டு வீட்டைச் சட்டைசெய்வதில்லை, உயர்ந்த மாளிகையையே பிடித்து ஆட்டுகின்றன.

மண்ணின் சுபாவத்தையும் இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பாறையின்மேல் நிற்கும் வீட்டைவிட, சதுப்பிலும் தூர்த்த ஏரியிலும் எழுப்பிய வீடு அதிகம் ஆடும். 1985-இல் மெக்ஸிகோ நகரம், நடுக்கம் எழுந்த இடத்துக்கு 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தில் இருந்தும் பெருநாசம் அடைந்ததற்கு, அது பழைய ஏரிப்படுகையின்மேல் கட்டப்பட்டிருந்ததே பெருங்காரணம். ஏரிகளைத் தூர்த்து மனைகளாக்கிவரும் நமக்கு இது வெறும் மெக்ஸிகோக் கதையன்று.

ஆற்றலும் உணர்வும்

அன்றிரவு தெருவில் கேட்ட பேச்செல்லாம் குஜராத்தைப் பற்றியே. அதே ஆண்டு ஜனவரி 26-இல்தான் பூஜ் நகரத்தைச் சுற்றிச் சுமார் 20,000 பேர் மாண்டிருந்தார்கள். அங்கே 7.7, இங்கே 5.5, இரண்டு சொச்சந்தானே வித்தியாசம் என்று பலர் எண்ணினார்கள். ரிக்டர் என்ற அமெரிக்கர் 1935-இல் வகுத்த முறையிலிருந்து வளர்ந்த இந்த எண்கள் படிக்கட்டுப்போல் ஏறுவதில்லை; ஓர் எண் ஏறினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்காகிறது. அந்தக் கணக்கில் பூஜ் நடுக்கத்தின் ஆற்றல் புதுச்சேரி நடுக்கத்தின் ஆற்றலைப்போல் சுமார் 2,000 மடங்கு.

இந்த எண் நடுக்கத்துக்கு ஒன்றுதான். அதை உணர்ந்த அளவோ ஊருக்கு ஊர் வேறு. விளக்கின் வெளிச்சம் ஒன்றாயினும் திண்ணையில் அதிகமாகவும் தெருக்கோடியில் குறைவாகவும் விழுவதுபோல, உணர்ந்த அளவை வேறொரு பன்னிரண்டு படி ஏணியால் அளக்கிறார்கள். மெர்க்கல்லி என்ற இத்தாலியர் பெயரால் வழங்கும் அந்த ஏணியில், மாடியில் ஓய்வாக இருப்பவர் சிலர் மட்டும் உணர்வது இரண்டாம் படி. ஜன்னலும் பாத்திரமும் ஒலிப்பது நான்காம் படி. உறங்குகிறவர் பெரும்பாலும் விழித்துக்கொள்வது ஐந்தாம் படி. இந்த ஏணியின் கீழ்ப்படிகளுக்குக் கருவி வேண்டுவதில்லை. மனிதரும் அவர் வீட்டுத் தட்டுமுட்டுகளுமே கருவி.

படியை உயர்த்துவது நடுக்கம் மட்டுமன்று; வீடும் உயர்த்தும். 1993-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் தேதி விடியுமுன் மகாராஷ்டிரத்தின் லாத்தூர்ப் பகுதியில் நேர்ந்தது 6.2 அளவுதான், அபாயம் மிகக் குறைந்த மண்டலம் என்று அப்போது வகுத்திருந்த இடம் அது. மண்சாந்தில் அடுக்கிய கருங்கற் சுவர்களும் கனத்த மண்கூரைகளும் உறங்கியவர்மேல் சரிந்து ஏறத்தாழ 10,000 உயிர்கள் போயின. புதுச்சேரி நடுக்கத்திலும் தமிழ்நாட்டில் மூவர் உயிரிழந்தார்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2002-இல் நிலநடுக்க மண்டலங்களைத் திருத்தி வகுத்தபோது சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றப்பட்டது. அதற்கேற்ற கம்பியும் கலவையும் வைத்துக் கட்டவேண்டும் என்பது விதி. வீடு கட்டுகிறவர்கள் பொறியாளரிடம் தரையோட்டின் நிறத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன் இதைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன்.

அடுத்த முறை

நடுக்கம் எந்த நாளில் எந்த மணிக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல இன்றைய விஞ்ஞானத்தால் இயலாது. 'இன்றிரவு மறுபடி வருமாம்' என்று சொல்லுகிறவர் எவராயினும் அவர் வதந்தியையே சொல்லுகிறார். தரை ஆடும்போது அன்று நான் செய்ததைப்போலப் படியை நோக்கி ஓடாதீர்கள். உறுதியான மேஜையின் அடியில் புகுந்து தலையைக் காத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக்கும் உயர்ந்த அலமாரிக்கும் விலகியிருங்கள். ஆட்டம் நின்ற பிறகு, மின்தூக்கியைத் தொடாமல், படிவழியே இறங்குங்கள்.

இறங்கிய பிறகு செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. கோயம்புத்தூர் நடுக்கத்தின் அளவு 6-ஐ ஒட்டியிருக்கும் என்று இன்று ஆராய்ச்சியாளர் அனுமானிப்பது, அக்காலத்தார் தம் ஊரில் எது ஆடிற்று, எது விழுந்தது, யார் விழித்துக்கொண்டார் என்று எழுதிவைத்த குறிப்புகளைக்கொண்டே. நடுக்கம் அடிக்கடி வரும் நாடுகளுக்கு அத்தகைய குறிப்புகள் ஆயிரக்கணக்கில் சேருகின்றன. நமக்கோ ஒரு தலைமுறைக்கு ஒன்றிரண்டு சந்தர்ப்பங்களே வாய்க்கின்றன. தேசிய நிலநடுக்கவியல் மையம் பொதுமக்கள் உணர்ந்ததைக் கேட்டுப் பதிவு செய்கிறது. உணர்ந்தவர் சொல்வதைப்போலவே, அதே ஊரில் உணராதவர் சொல்வதும் அதற்குப் பயன்படும். மளிகைக் கடைப் பெரியவரின் சாட்சியமும் என்னுடையதும் சேர்ந்தால்தான் ஒரு கட்டடத்தின் கதை முழுமையாகும். ஆகவே, உங்கள் வீட்டு அலமாரியில் தட்டுகள் காரணமின்றி ஒலிக்கக் கேட்டால், அந்தக் கணத்திலிருந்து மனத்துக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்குங்கள். எல்லாம் அடங்கியபின் ஒரு தாளில் மணியையும், இருந்த மாடியையும், நின்றீர்களா உட்கார்ந்திருந்தீர்களா என்பதையும் குறித்து, தரை ஆடும்போது எத்தனை எண்ணியிருந்தீர்கள் என்பதை அதன்கீழ் எழுதி வையுங்கள்.